ஓவியருக்கும் ஒரு கம்பம் வேண்டும்



நம் தமிழ்ப்பள்ளிகளின் கால அட்டவணையில் காட்சிக்கலைக் கல்விக்கும் ஓர் இடம் உண்டு. அந்த இடம் எத்தகையது என்பதை ஆசிரியர்களாகிய நாம் நன்கு அறிவோம். மற்றப் பாடங்கள் பின்தங்கும்போது முதலில் இரவல் கேட்கப்படும் பாடவேளை அதுதான். கணிதத்திற்கு ஒரு வாரம், அறிவியலுக்கு ஒரு வாரம் என்று கொடுத்துக் கொடுத்து, வண்ணப் பெட்டி திறக்கப்படாமலே ஒரு தவணை கழிந்துவிடுவதும் உண்டு. யு.பி.எஸ்.ஆர். தேர்வு 2021ஆம் ஆண்டு அகற்றப்பட்ட பின்னரும் இந்தப் பழக்கம் முற்றாக மாறிவிடவில்லை. பரிசளிப்பு விழாவிற்கு மேடையை அலங்கரிக்க வேண்டும் என்னும்போது மட்டும், "வரையத் தெரிந்த பிள்ளைகள் யார்?" என்று வகுப்பு வகுப்பாகத் தேடுவோம்.

பாடவேளைக்காக வாதாடுவது இந்தக் கட்டுரையின் நோக்கமன்று. வரையும் கை உள்ள ஒரு பிள்ளை வளர்ந்து ஓவியராக வேண்டுமானால் அதற்கு என்ன தேவை என்பதைப் பற்றியே சில கருத்துகளைப் பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன். திறமை வேண்டும், பயிற்சி வேண்டும், நல்லாசிரியர் வேண்டும் என்பனவற்றைப் பலரும் சொல்லியிருக்கிறார்கள். இவற்றோடு இன்னொன்றும் வேண்டும். அதுதான் துணை. தன்னைப் போலவே வரைகின்ற, தன் படத்தைப் பார்த்து நல்லது கெட்டது சொல்கின்ற, கையில் காசு இல்லாத மாதத்தில் பக்கத்தில் நிற்கின்ற மனிதர்களின் துணை. நம் மலேசிய வழக்கில் சொல்வதென்றால், ஓவியருக்கும் ஒரு கம்பம் வேண்டும்.

இப்படிச் சிந்திக்க என்னைத் தூண்டியவர் ஒரு தந்தை. இங்கு ஜெஞ்சாரோம் வட்டாரத்தில் லாரி ஓட்டுநராகப் பணிபுரிகிறார். அவருடைய மகள் ஐந்தாம் ஆண்டு மாணவி. அந்தப் பிள்ளை வரைந்தால் கோடு தயங்காது. செம்பனை மரத்தை எல்லாப் பிள்ளைகளும் தென்னை மரத்தைப் போலவே வரைவார்கள். அவளோ அடிமரத்தில் வெட்டப்பட்ட மட்டைகளின் அடுக்கையும் அதில் முளைத்திருக்கும் பெரணிச் செடியையும் வரைவாள். கண்ணால் பார்த்ததை வரைகிறவள் அவள். நாட்டில் கலைப்பள்ளிகள் உள்ளன, இடைநிலைப்பள்ளிக்குச் செல்லும்போது அதையும் கருத்திற்கொள்ளலாம் என்று பெற்றோர் சந்திப்பு நாளில் அந்தத் தந்தையிடம் கூறினேன். அவர் சினங்கொள்ளவில்லை. மிகப் பொறுமையாகக் கேட்டார்:

"டீச்சர், கை நல்லாத்தான் இருக்கு. அவ வரைஞ்ச முருகர் படத்த எங்கம்மா சாமி மேடையிலேயே வச்சிருக்காங்க. ஆனா இது சோறு போடுமா டீச்சர்? நம்ம ஆளுங்கள்ல இதையே செஞ்சி வந்தவங்க யாரு இருக்கா? ஒரு பேரு சொல்லுங்க."

இதில் இரண்டு கேள்விகள் உள்ளன. ஒன்று சோறு பற்றியது. மற்றொன்று துணை பற்றியது. இரண்டுமே நியாயமான கேள்விகள். மகளைத் தனியாக ஒரு காட்டுவழியில் அனுப்ப எந்தத் தந்தைதான் உடன்படுவார்? "கலை உயர்ந்தது" என்று மேடைத் தமிழில் பதில் சொல்லி அவரை அனுப்ப எனக்கு மனம் வரவில்லை. இந்த இரண்டு கேள்விகளையும் நேருக்கு நேர் சந்தித்த மனிதர்கள் தமிழ் மண்ணிலேயே இருந்தார்கள் என்பதை அவருக்குச் சொன்னேன். அதையே சற்று விரிவாக இங்கு எழுதுகிறேன்.

சென்னையிலுள்ள அரசு கவின்கலைக் கல்லூரி மிகப் பழைமையானது. 1850ஆம் ஆண்டு அலெக்சாண்டர் ஹண்டர் என்னும் மருத்துவர் தொடங்கிய கலைப்பள்ளியே பின்னாளில் கல்லூரியாக வளர்ந்தது. மெரினா கடற்கரையில் பாறையைப் புரட்டும் நான்கு தொழிலாளர்களின் சிலையைப் படத்திலாவது நீங்கள் பார்த்திருப்பீர்கள். 1959இல் திறக்கப்பட்ட அந்த உழைப்பாளர் சிலையை வடித்த தேவி பிரசாத் ராய் சௌத்ரி, அக்கல்விக்கூடத்தின் முதல் இந்திய முதல்வராக விளங்கியவர். அவருக்குப் பின் 1957ஆம் ஆண்டு அப்பொறுப்பை ஏற்றவர் அவருடைய மாணவரான கே.சி.எஸ். பணிக்கர். கோயம்புத்தூரில் 1911இல் பிறந்தவர். 1944ஆம் ஆண்டிலேயே சென்னையில் முற்போக்கு ஓவியர் சங்கத்தை நண்பர்களோடு சேர்ந்து அமைத்தவர்.

முதல்வராக இருந்த பணிக்கரின் கண்முன் ஆண்டுதோறும் ஒரே காட்சி நடந்துகொண்டிருந்தது. ஐந்தாறு ஆண்டுகள் ஊன்றிப் பயின்ற இளைஞர்கள் பட்டயம் பெற்று வெளியேறுவார்கள். படத்தை வாங்குவோர் சென்னையில் மிகச் சிலரே. வயிற்றுப்பாட்டிற்காக விளம்பர நிறுவனத்திலோ வேறு அலுவலகத்திலோ சேர்வார்கள். மாலையில் களைத்து வீடு திரும்புவார்கள். தூரிகை காய்ந்துவிடும். ஒரு சிலர் பம்பாய்க்கோ வெளிநாட்டிற்கோ சென்றுவிடுவார்கள். இது எவருடைய சோம்பலாலும் நேர்ந்ததன்று. தனி மனிதர் ஒருவர் சோற்றையும் கலையையும் ஒரே கையால் தூக்க வேண்டியிருந்தது, கை சோர்ந்தது.

பணிக்கரும் அவருடைய மாணவர்களும் கண்டறிந்த வழி மிக எளியது. ஓவியம் விற்கவில்லையென்றால், விற்கக்கூடிய ஒன்றை அதே கைகளால் செய்வோம் என்றார்கள். 1960களின் முற்பகுதியில் கலைஞர் கைவினைச் சங்கம் என்ற ஒன்றை அமைத்தார்கள். அவர்கள் செய்த பொருள்களில் முதன்மையானது எது தெரியுமா? நமக்கு மிகவும் பழக்கமான பாத்திக் துணிதான்! உருக்கிய மெழுகால் துணியில் கோலமிட்டு, சாயத்தில் தோய்த்து, பின்னர் மெழுகை நீக்கும் அதே கலை. தோல் பொருள்கள், உலோக வேலைப்பாடுகள், சுடுமண் பொருள்கள் ஆகியனவும் செய்தார்கள். நாளின் ஒரு பகுதி கைவினைக்கு, எஞ்சியது தம் சொந்த ஓவியத்திற்கும் சிற்பத்திற்கும் என்பது முறை. விற்ற தொகையில் ஒரு பங்கு பொதுநிதிக்குச் சென்றது. அந்த வருமானத்தைக்கொண்டே சென்னைக்குத் தெற்கே ஈஞ்சம்பாக்கத்தில் கடலோரமாக நிலம் வாங்கினார்கள். 1966ஆம் ஆண்டு அங்கே தோன்றியதுதான் சோழமண்டலம் கலைஞர் கிராமம்.

அன்று அந்த இடம் வெறும் மணல்வெளி. மின்சாரம் இல்லை. ஓலைக்குடிசைகளில் குடியேறினார்கள். முப்பதுக்கும் மேற்பட்ட ஓவியர்களும் சிற்பிகளும் அக்கூட்டத்தில் இருந்தார்கள். ஜே. சுல்தான் அலி, கே. ஜெயபால பணிக்கர், பி. கோபிநாத், மு. சேனாதிபதி, எஸ்.ஜி. வாசுதேவ், அர்ணவாஸ், அனிலா ஜேக்கப், பி.எஸ். நந்தன் என்று நீளும் அந்தப் பட்டியலில் தமிழர் உண்டு, மலையாளி உண்டு, கன்னடர் உண்டு, பெண்களும் உண்டு. பெருஞ்செல்வர் எவரும் கட்டிக்கொடுத்த கிராமமன்று அது. தங்கள் கைவேலையின் வருமானத்தில் தாங்களே எழுப்பிக்கொண்டது. தோட்டத்து லயத்தில் சீட்டுப் பிடித்து வீடு வாங்கிய நம் பெற்றோரின் வழியும் ஏறத்தாழ இதுதானே?

ஆக, "சோறு போடுமா?" என்ற கேள்விக்குச் சோழமண்டலம் தந்த பதில் நேர்மையானது. "ஓவியம் உடனே சோறு போடாது, ஆனால் ஓவியரின் கை வேறு நல்ல வேலையும் அறியும், பலர் கூடினால் அந்த வேலை ஓவியத்தையும் காப்பாற்றும்" என்பதே அப்பதில்.

பணம் ஒரு பக்கம். கூடி வாழ்வதன் இன்னொரு பயன் கண்ணுக்கு எளிதில் தெரியாது. மாலையில் ஒருவர் வீட்டுத் திண்ணையில் நின்று மற்றவர் படத்தைப் பார்க்க முடிகிறது. "இந்தச் சிவப்பு ஏன்?" என்று கேட்க முடிகிறது. அக்கலைஞர் வட்டம் தங்கள் எண்ணங்களை எழுதி வெளியிடுவதற்கென்று ஓர் இதழையும் நடத்தியது. கூடி வாழ்ந்தால் எல்லோரும் ஒரே மாதிரி வரைவார்கள் என்று சிலர் அஞ்சலாம். சோழமண்டலத்தில் நிகழ்ந்தது வேறு. சுல்தான் அலி நாட்டார், பழங்குடி மக்களின் உருவங்களைத் தம் படத்தில் கொண்டுவந்தார். பணிக்கரின் மகன் எஸ். நந்தகோபால் செம்பையும் பித்தளையையும் பற்றவைத்து, கோயில் உலோகத் திருமேனிகளை நினைவூட்டும் புதிய சிற்பங்களைச் செய்தார். ஒருவர் வழி மற்றவர் வழியாக இல்லை. தன் பக்கத்து வீட்டுக்காரர் என்ன செய்கிறார் என்று அறிந்திருப்பவரே அதிலிருந்து விலகித் தன் வழியைக் காண முடியும் போலும்.

ஆசிரியர்களாகிய நமக்கு இனிக்கும் செய்தி ஒன்றும் உண்டு. பணிக்கரின் புகழ்பெற்ற ஓவிய வரிசை 'சொற்களும் குறியீடுகளும்' என்பதாகும். எண்கள், எழுத்துகள், சாதகக் கட்டங்கள் போன்ற உருவங்கள் அப்படங்கள் முழுவதும் நிறைந்திருக்கும். 1963ஆம் ஆண்டு அந்த வரிசை பிறக்கத் தூண்டுதலாக இருந்தது ஒரு மாணவரின் கணிதப் பயிற்சிப் புத்தகப் பக்கம் என்று அவரே குறிப்பிட்டிருக்கிறார். நாம் சிவப்பு மையால் திருத்தித் தள்ளும் ஒரு பக்கத்தில் ஓர் ஓவியரின் கண் என்ன கண்டது, பாருங்கள்!

2018ஆம் ஆண்டு டிசம்பர் பள்ளி விடுமுறையில் சென்னை சென்றிருந்தேன். உடன் வந்த உறவினர்கள் தி.நகருக்குச் சேலை எடுக்கச் சென்ற நாளில் நான் கிழக்குக் கடற்கரைச் சாலைப் பேருந்தில் ஏறிச் சோழமண்டலம் சென்றேன். இன்று அங்கே மணல்வெளி இல்லை. ஈஞ்சம்பாக்கம் சென்னை மாநகராட்சிக்குள் வந்துவிட்டது. சாலையின் இருபுறமும் கட்டடங்கள். வாயிலைக் கடந்து உள்ளே சென்றால் ஓசை குறைகிறது. மர நிழலில் கருங்கல் சிற்பங்கள் நிற்கின்றன. 2009இல் திறக்கப்பட்ட அருங்காட்சியகத்தில் சென்னை ஓவிய இயக்கத்தினரின் படைப்புகளை ஒருசேரக் காணலாம். நெடுநேரம் நின்று பார்த்தேன். ஒரு படத்திலிருந்து அடுத்த படத்திற்கு நகரும்போது, இவர்கள் ஒருவரோடு ஒருவர் பேசிக்கொண்டிருந்தவர்கள் என்ற எண்ணம் எழாமல் இல்லை.

அங்கே எல்லாம் நிறைவாகவே நடந்தது என்று நான் சொல்லமாட்டேன். விஸ்வநாதன், அக்கித்தம் நாராயணன் போன்றோர் தொடக்கக் காலத்திலேயே பாரிஸ் சென்று நிலைத்துவிட்டார்கள். வாசுதேவ் பின்னாளில் பெங்களூருக்குப் பெயர்ந்தார். பணிக்கர் 1977இலும் சுல்தான் அலி 1990இலும் நந்தகோபால் 2017இலும் மறைந்தார்கள். முதல் தலைமுறை விட்டுச்சென்ற வீட்டில் அடுத்த தலைமுறையும் தூரிகை ஏந்தும் என்பதற்கு உறுதி இல்லை. கம்பம் என்பது ஒரு முறை கட்டினால் என்றென்றும் நிற்கும் சுவரன்று. ஒவ்வொரு தலைமுறையும் கூரை வேய வேண்டும். ஆயினும், அறுபது ஆண்டுகளுக்கு முன் சிலர் கூடி எடுத்த முடிவால் எத்தனை கைகள் ஓயாமல் வரைந்தன என்பதை எண்ணும்போது அந்த முயற்சியின் அருமை விளங்குகிறது.

"அது இந்தியாவில் டீச்சர், இங்கே யார் இருக்கிறார்கள்?" என்று அந்தத் தந்தை கேட்கக்கூடும். நம் நாட்டிலும் ஓவியர்கள் கூடித்தான் வளர்ந்தார்கள். மலாயாவின் கலைக் கல்விக்குப் பொறுப்பாளராக வந்த பீட்டர் ஹாரிஸ் என்பவர் 1952ஆம் ஆண்டு கோலாலம்பூரில் ஒரு குழுவைத் தொடங்கினார். புதன்கிழமைகளில் கூடியதால் அதற்குப் 'புதன்கிழமை ஓவியக் குழு' என்றே பெயர். பெரிய கட்டடம் இல்லை, பெரிய கொள்கை அறிக்கை இல்லை. ஆசிரியர்களும் அலுவலர்களும் மாணவர்களும் சேர்ந்து வரைந்தார்கள். 1956இல் முகமது ஹுசேன் ஏனாஸ் தலைமையில் தீபகற்ப ஓவியர் அணி தோன்றியது. 1974இல் லத்திப் மொஹிடின் முதலியோர், கவிஞர்களும் நாடகக் கலைஞர்களும் ஓவியர்களும் கூடிய 'அனாக் ஆலாம்' குழுவைக் கண்டார்கள். தேசிய ஓவியக்கூடம் 1958ஆம் ஆண்டு பிறந்தது. ஆகவே, அக்கூடம் பிறக்கும் முன்பே இங்கே ஓவியர்கள் குழுவாகக் கூடியிருந்தார்கள் என்பதைக் கவனியுங்கள்.

புதன்கிழமைக் குழுவில் ஒரு பள்ளி மாணவரும் இருந்தார். சுல்கிப்ளி பூயோங் என்பது அவர் பெயர். 1948இல் பிறந்த அவர், பதின்ம வயதிலேயே பிள்ளைகளின் விளையாட்டையும் வீட்டு வாழ்க்கையையும் வண்ணக் கட்டிகளால் தீட்டினார். 1964இல் அவர் தீட்டிய 'கொசுவலை' ஓவியம் இந்நாட்டு ஓவிய வரலாற்றில் இடம்பெற்றுவிட்டது. பெரியவர்கள் அந்தச் சிறுவரைத் தங்களோடு சமமாக அமர்த்தி வரைய விட்டார்கள் என்பதுதான் இதில் நாம் கற்க வேண்டியது.

அதே குழுவில் சிவம் செல்வரத்தினம், கிரேஸ் செல்வநாயகம் ஆகிய இருவரும் இருந்தார்கள். பெயரைக் கேட்டதும் உங்கள் முகத்தில் மலர்ச்சி தோன்றுவதை என்னால் ஊகிக்க முடிகிறது. இருவரும் நம் தமிழ்ப் பெண்மணிகள், இருவரும் ஓவியர்கள், இருவரும் கலைக் கல்வி ஆசிரியர்கள். துணிக் கலையில் ஆழ்ந்த கிரேஸ் செல்வநாயகம் மலாய்ச் சொங்கெட் நெசவைப் பற்றி 1990இல் வெளியிட்ட நூல் இன்றும் மதிக்கப்படுகிறது. ஆசிரியப் பணியும் ஓவியமும் ஒன்றையொன்று காத்ததற்கு இவர்களே சான்று.

பினாங்கில் 1941இல் பிறந்து 2016இல் மறைந்த நிர்மலா தத் சண்முகலிங்கம் வேறொரு வழியில் நடந்தார். அழகிய காட்சிகளை வரைவதோடு நிற்காமல், சுற்றுச்சூழல் சீர்கேடு, ஏழைக் குடியிருப்பாளர்களின் துயரம், போர் ஆகியவற்றைத் தம் படைப்பின் பொருளாக்கினார். நம் ஜெஞ்சாரோம் மக்களுக்கு இது எளிதில் புரியும். சீனா பிளாஸ்டிக் கழிவு இறக்குமதியைத் தடைசெய்த பின்னர், 2018ஆம் ஆண்டு நம் வட்டாரத்தில் உரிமமில்லாத ஆலைகள் பெருகி, இரவில் எரிந்த பிளாஸ்டிக்கின் நெடியில் நாம் சன்னலை அடைத்துக்கொண்டு படுத்தோம். அவ்வாண்டு என் வகுப்பில் முதலில் தீர்ந்துபோன வண்ணக் கட்டி சாம்பல் நிறம். "வானத்திற்கு நீலம் பூசுங்கள்" என்று நான் சொல்லவில்லை. பிள்ளைகள் பார்த்ததைப் பூசினார்கள். நிர்மலா போன்ற ஒருவர் இந்நாட்டில் வாழ்ந்தார் என்று அவர்களுக்குச் சொன்னபோது, சாம்பல் நிற வானமும் ஓவியம்தான் என்பது அவர்களுக்கு விளங்கியது.

இராமநாதபுரம் மாவட்டத்து அழகன்குளத்தில் 1943இல் பிறந்து மலேசிய ஓவியராகப் புகழ்பெற்ற சையது தாஜுடீன், பணிக்கர் தலைமை வகித்த அதே சென்னைக் கல்லூரியில்தான் பயின்றார். இன்றைய தலைமுறையில் ஜெ. அனுரேந்திரா ஜெகதேவா நம் குடும்பங்களின் புலம்பெயர்ந்த கதைகளையே ஓவியமாக்குகிறார்; தமிழர் திருமண மணவறையையே படைப்பாக அமைத்துக் காட்டியவர் அவர். பிரிக்பீல்ட்ஸ் கந்தசுவாமி கோயிலுக்குச் செல்லும் ஸ்காட் சாலையிலேயே வெய்-லிங் என்னும் ஓவியக்கூடம் உள்ளது. கோயிலுக்கு ஆயிரம் முறை சென்ற நம்மில் எத்தனை பேர் அந்தக் கதவைத் தட்டியிருக்கிறோம்?

இன்னும் அருகில் வாருங்கள். நம் கோல லங்காட் மாவட்டத்திலேயே, கேரித்தீவில் மா மெரி பழங்குடி மக்கள் வாழ்கிறார்கள். சுங்கை பும்பூன் கம்பத்தில் அவர்கள் செதுக்கும் மூதாதையர் முகமூடிகளும் மரச்சிற்பங்களும் உலகறிந்தவை. பெண்கள் ஓலையில் பின்னும் வேலைப்பாடுகள் கண்ணைக் கவரும். அங்கே சிற்பக்கலை தனி வகுப்பில் கற்பிக்கப்பட்டு வளர்ந்ததன்று. மூத்தவர் செதுக்க, இளையவர் பக்கத்தில் அமர்ந்து பார்க்க, கதையும் உளியும் ஒன்றாகக் கைமாறின. சோழமண்டலம் திட்டமிட்டு உருவாக்கிய சூழல் அவர்களிடம் வழிவழியாக இருந்திருக்கிறது. சென்னை செல்ல வசதியில்லாதவர்கள் கேரித்தீவுக்காவது பிள்ளைகளை அழைத்துச் செல்லலாம்.

இனி எங்கள் பள்ளியில் செய்துவரும் சிறு முயற்சியைச் சொல்கிறேன். புதன்கிழமை பிற்பகலில் எங்களுக்குப் புறப்பாட நடவடிக்கை உண்டு. அது முடிந்தபின் ஒரு மணிநேரம் பதினொரு பிள்ளைகள் கலையறையில் தங்குகிறார்கள். 'புதன் வட்டம்' என்று பெயர் வைத்துக்கொண்டோம். நான் ஆசிரியர் பயிற்சிக் கழகத்தில் பயின்றபோது பாத்திக் பயிற்சி பெற்றிருந்தேன். அதனால் பாத்திக் கைக்குட்டைகள் செய்வது என்று முடிவானது. சூடான மெழுகுச் சட்டியை நான் கையாள்வேன். பிள்ளைகள் கோலமும் வண்ணமும் பார்த்துக்கொள்வார்கள். பள்ளிச் சந்தை நாளில் பத்தொன்பது கைக்குட்டைகள் விற்றன. ஒன்றின் விலை எட்டு ரிங்கிட். செய்த பிள்ளைக்கு ஆறு, பொதுவுக்கு இரண்டு. அந்த முப்பத்தெட்டு ரிங்கிட்டும் ஒரு மைலோ டின்னில் சேர்ந்தது.

டின் நிறைந்ததும் வழக்கு வந்தது. நான்கு கைக்குட்டை விற்ற ஒரு மாணவன், "நான்தான் டீச்சர் அதிகமா வித்தேன். நான் ஏன் எட்டு வெள்ளி போடணும்?" என்று கேட்டான். நான் தீர்ப்புக் கூறவில்லை. அவர்களையே பேச விட்டேன். ஒன்றுகூட விற்காத ஒரு சிறுவன் தலைகுனிந்து நின்றான். அப்போது நான் முன்னர்க் குறிப்பிட்ட அந்த மாணவி கேட்டாள்: "ஒன்னோட மீனுக்கு நீலம் கலந்து குடுத்தது அவன்தானே?" சிறிது நேரம் யாரும் பேசவில்லை. கணக்கு அப்படியே இருக்கட்டும் என்று அவர்களே முடிவு செய்தார்கள். அந்தச் சிறுவன் வண்ணம் கலப்பதில் வல்லவன். அவனிடம் கேட்காமல் இன்று எவரும் சாயம் கலப்பதில்லை.

அந்த மாணவியிடமும் ஒரு மாற்றம் கண்டேன். முன்பெல்லாம் யாராவது நெருங்கினால் கையால் படத்தை மறைத்துக்கொள்வாள். இப்போது தானே நீட்டி, "இங்க காலியா இருக்குல்ல? விட்டுடவா?" என்று தோழியிடம் கேட்கிறாள். தோழி சொல்லும் பதிலை எப்போதும் ஏற்பதில்லை, ஆனால் கேட்கிறாள். ஓர் ஆசிரியை ஆண்டு முழுவதும் பாராட்டினாலும் இது கிடைக்காது. சக வயதுப் பிள்ளையின் கண்ணிலிருந்துதான் இது கிடைக்கும்.

அவளுடைய தந்தை புதன்கிழமைகளில் மோட்டார் சைக்கிளில் வந்து அவளை அழைத்துச் செல்கிறார். கலைப்பள்ளி பற்றி இன்னும் அவர் ஒப்புக்கொள்ளவில்லை. நானும் வற்புறுத்தவில்லை. அவள் வாழ்க்கை சிறக்கும் என்று உறுதிமொழி அளிக்க நான் யார்? ஆனால், முதலில் வாயிலிலேயே நின்றவர் இப்போது உள்ளே வந்து கொடியில் உலரும் துணிகளைப் பார்க்கிறார். சென்ற மாதம், "மெழுகு கிலோ என்னா வெல டீச்சர்?" என்று கேட்டார். கிள்ளானில் மலிவாகக் கிடைக்கும் கடை தமக்குத் தெரியும் என்றும் சொன்னார். அடுத்த வாரம் இரண்டு கிலோ மெழுகு வந்து சேர்ந்தது. காசு வாங்க மறுத்துவிட்டார்.

ஆசிரிய நண்பர்களே, உங்கள் பள்ளியிலும் இதைச் செய்ய முடியும். வாரத்தில் ஒரு மணிநேரம், ஓர் அறை, ஒரு டின் போதும். பத்துப் பிள்ளைகள் வேண்டியதில்லை. மூவர் இருந்தாலும் அது கூட்டம்தான். சிறந்தவரை மட்டும் தேர்ந்தெடுக்காதீர்கள். வண்ணம் கலப்பவரும், துணி உலர்த்துபவரும், விற்கத் தெரிந்தவரும் சேர்ந்தால்தான் வட்டம் சுற்றும். போட்டிக்குப் படம் அனுப்புவதில் தவறில்லை. ஆனால் போட்டி பிள்ளைகளைத் தனித்தனியே நிறுத்தும். ஆண்டில் ஒரு முறையாவது எல்லோருடைய படங்களையும் பெயரோடு ஒரே சுவரில் மாட்டுங்கள்.

பெற்றோர்களே, விடுமுறையில் கோலாலம்பூர் சென்றால் பேரங்காடியோடு திரும்பிவிடாதீர்கள். தேசியக் கலைக்கூடம் இருக்கிறது. 2015இல் திறக்கப்பட்ட இல்ஹாம் ஓவியக்கூடம் இருக்கிறது. திறந்திருக்கும் நாளைக் கேட்டறிந்து ஒரு காலைப் பொழுதை அங்கே செலவிடுங்கள். படத்தின் கீழே எழுதியிருக்கும் பெயரைப் பிள்ளையை உரக்க வாசிக்கச் சொல்லுங்கள். நம் பெயரைப் போன்ற ஒரு பெயரை ஒரு பிள்ளை அந்தச் சுவரில் வாசிக்க நேர்ந்தால், "நம்ம ஆளுங்கள்ல யாரு இருக்கா?" என்ற கேள்வியை அப்பிள்ளை தன் வாழ்நாளில் கேட்க வேண்டியிராது.

அடுத்த சந்தை நாளுக்கு முப்பது கைக்குட்டைகள் செய்வதென்று புதன் வட்டத்தார் முடிவெடுத்திருக்கிறார்கள். அவ்வழியே வர நேர்ந்தால் ஒன்று வாங்குங்கள். விலை எட்டு ரிங்கிட்தான்.